சேலம் – நாமக்கல் சமவெளியில் சந்தைகளும் நகராட்சி நிதியும்: ‘இயற்கைச் சந்தை’ என்னும் சட்டக் கருத்தின் வரலாற்றுப் பின்புலம்

ஆய்வுச் சுருக்கம்

நகர்ப்புறக் கடைவீதிகளை மேம்படுத்த அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் செலவிடும் பொதுநிதி யாரைச் சென்றடைகிறது என்பதை, நிருவாகப் பதிவேடு எதை எழுதிவைக்கிறது என்பதே பெரிதும் முடிவு செய்கிறது. சேலம் – நாமக்கல் சமவெளியின் சந்தை வரலாற்றை முன்வைத்து இக்கட்டுரை இதனை ஆராய்கிறது. காலனிய வரிமுறை, நகராட்சிக் கட்டணக் குத்தகை, உழவர் சந்தை, சீர்மிகு நகரத் திட்டம், சாலையோர வியாபாரிகளுக்கான கடனுதவி ஆகியவை வரிசையாக நோக்கப்படுகின்றன. 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் கூறும் ‘இயற்கைச் சந்தை’ என்னும் கருத்து, நிதிப் பங்கீட்டைச் சமமாக்குவதற்கான வரலாற்று அடிப்படையைத் தருகிறது என்பதும், அதனை நிறுவும் சான்றுகளைத் திரட்டுவது வரலாற்று ஆய்வின் உடனடிப் பணி என்பதும் இக்கட்டுரையின் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: வாரச் சந்தை, பேட்டை, மகமை, சுங்கக் குத்தகை, உழவர் சந்தை, சாலையோர வியாபாரிகள், இயற்கைச் சந்தை, சேலம் மாநகராட்சி.

முன்னுரை

சேலம் நகராட்சி 1866இல் தோற்றுவிக்கப்பட்டது. 1994 ஜூன் 1இல் மாநகராட்சியாக உயர்ந்தது. பழைய சேலம் மாவட்டத்திலிருந்து 1997 ஜனவரி 1இல் நாமக்கல் மாவட்டம் பிரிந்தது. நாமக்கல் நகரம் 2024இல் மாநகராட்சியாயிற்று. ஒன்றரை நூற்றாண்டைக் கடந்த இந்த உள்ளாட்சி வரலாற்றில் சந்தை என்பது இரு முகங்களோடு இடம்பெறுகிறது. நகராட்சியின் வருவாய்ப் பட்டியலில் அது ஓர் இனம். செலவுப் பட்டியலில் அது ஒரு கட்டடம். சந்தையில் அமர்ந்து விற்பவர் இவ்விரு பட்டியல்களிலும் எவ்வாறு இடம்பெற்றார், எப்போது விடுபட்டார் என்பது போதிய கவனம் பெற வேண்டிய வினாவாகும்.

கடைவீதிகளுக்கான பொதுநிதி சமமாகப் பங்கிடப்பட வேண்டும் என்னும் கோரிக்கை இன்று உலகெங்கும் எழுகிறது. அக்கோரிக்கையை எத்தனை கோடி ஒதுக்கப்பட்டது என்னும் கணக்கால் மட்டும் அளவிட முடியாது. ஒதுக்கப்பட்ட நிதி எந்தப் பதிவேட்டின் வழியாக இறங்குகிறது என்பதையும் காண வேண்டும். அவ்வகையில் பதிவேட்டின் வரலாறே சமநீதியின் வரலாறாகவும் அமைகிறது.

1. கிழமையும் பேட்டையும்

சந்தை முன்னும் ஊர் பின்னுமாக அமைந்தமைக்குச் சேலம் வட்டாரத்தின் ஊர்ப்பெயர்கள் சான்றாகின்றன. சேலம் நகரின் வணிக மையங்களுள் தலையாயது செவ்வாய்ப்பேட்டை. கிழமையின் பெயரும், வணிகக் குடியிருப்பைக் குறிக்கும் ‘பேட்டை’ என்னும் சொல்லும் இணைந்த பெயர் இது. சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலையில் உள்ள புதன்சந்தை, கூடும் நாளையே ஊர்ப்பெயராகக் கொண்டது. அது மாட்டுச் சந்தையால் பெயர் பெற்றது. நாமக்கல்லில் சந்தைப்பேட்டை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. கொங்கணாபுரமும் வீரகனூரும் ஆடு மாடு விற்பனைக்குப் பெயர்பெற்ற வாரச் சந்தைகளைக் கொண்டவை. செவ்வாய்ப்பேட்டையை ஒட்டிய தொடர்வண்டி நிலையம் ‘சேலம் மார்க்கெட்’ என்றே பெயர் பெற்றது. மொத்த வணிகத்திற்குரிய லீ பஜாரும் இப்பகுதியிலேயே உள்ளது.

இப்பெயர்கள் காட்டும் உண்மை ஒன்று உண்டு. சந்தை என்பது முதலில் ஒரு கூடுகை. குறித்த நாளில், குறித்த வெளியில், விற்போரும் வாங்குவோரும் ஒன்றுசேரும் வழக்கம். கட்டடமும் கடை எண்ணும் அதன்பின் வந்தவை. கூடுகை நிலைத்த இடத்தில் குடியிருப்பு எழுந்தது. குடியிருப்பு வளர்ந்து நகரின் பகுதியாயிற்று.

இக்கூடுகைக்கு அதற்கெனச் சொந்தமான நிதிமுறையும் இருந்தது. இடைக்காலத் தமிழகத்து வணிகக் குழுக்கள் தம் சரக்குகளின்மீது தாமே ஒரு வீதம் விதித்துக்கொண்டு கோயிலுக்கும் பொதுப்பணிக்கும் அளித்தமையைக் கல்வெட்டுகள் ‘பட்டணப் பகுடி’ என்னும் பெயரால் குறிக்கின்றன. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பிரான்மலைக் கல்வெட்டு சரக்குவாரியாக வீதங்களை வரிசைப்படுத்துவது இவ்வகையில் நன்கறியப்பட்ட சான்று. பிற்காலத்து ‘மகமை’ இதே மரபின் தொடர்ச்சியாகக் கருதத்தக்கது. பொதியின்மீதும் மூட்டையின்மீதும் விதிக்கப்பட்ட கொடை இது. கடை உடையவர், இல்லாதவர் என்னும் பாகுபாடு இதன் கணக்கில் முதன்மையானதன்று. சரக்கோடு வந்தவர் யாவரும் அளித்தனர். ஆயினும் அந்நிதியைச் செலவிடும் அதிகாரம் வணிகக் குழுவினரிடமும் சாதித் தலைவர்களிடமும் இருந்தது. ஆதலால் இம்மரபைச் சமத்துவத்தின் பொற்காலமாகக் கொள்ளுதல் பொருந்தாது. சந்தை தன்னைத் தானே ஓர் அலகாகக் கண்டது என்பதே இங்குக் கொள்ளத்தக்க செய்தி.

2. வரி கண்ட வியாபாரி

1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலமும் பாரமகாலும் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்குள் வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாயிருந்த தாமஸ் மன்றோவும் இங்கு நடத்திய நிலவரித் தீர்வையே இரயத்துவாரி முறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. நிலவரி வரலாற்றில் இவ்வட்டாரம் பெற்ற கவனத்தை நிலமல்லாத வரிகளின் வரலாற்றில் பெறவில்லை. சாயர் என்னும் உள்நாட்டுச் சுங்கம் 1844 வரை சென்னை மாகாணத்தில் வாங்கப்பட்டது. தறி, கருவி, கடை முதலியவற்றின்மீது விதிக்கப்பட்ட மொகதர்பா வரி 1861 வரை நீடித்தது.

கசுலு லட்சுமிநரசு செட்டியார் நிறுவிய சென்னை சுதேசி சங்கம் 1852இல் பிரித்தானிய நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய விண்ணப்பம் மொகதர்பா வரியின் கொடுமையை எடுத்துரைத்தது. நெசவாளர், தச்சர், உலோகத் தொழிலாளர் ஆகியோரோடு கடை வைத்திருப்போரும் வழியோரத்தில் விற்போரும் அவ்வரிக்கு உட்பட்டிருந்தனர் என்பது அவ்விண்ணப்பத்தின் முறையீடுகளுள் ஒன்று. மிக அற்பமான பண்டத்தை விற்பவரும் வரியிலிருந்து தப்பவில்லை.

இச்செய்தியின் உட்பொருள் ஊன்றி நோக்கத்தக்கது. வழியோர வியாபாரியை ஆட்சி அறியாமல் இல்லை. அவரிடமிருந்து பெறவேண்டியபோது அவரைக் கண்டறியப் பதிவேட்டில் இடமிருந்தது. வரி நீங்கியபோது அப்பதிவும் நீங்கியது. பின்னர் நிதி வழங்கும் காலம் வந்தபோது, வழங்கத்தக்கவராக அவரை அடையாளம் காட்டும் ஏடு எதுவும் இருக்கவில்லை.

3. கட்டணக் குத்தகையும் கட்டடமும்

சென்னை மாகாணத்தில் 1865, 1871, 1884, 1920 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து இயற்றப்பட்ட நகராட்சிச் சட்டங்கள் சந்தையை உள்ளாட்சியின் பொறுப்பாக்கின. பொதுச் சந்தை அமைத்தல், தனியார் சந்தைக்கு உரிமம் வழங்கல், துப்புரவு பேணல், கட்டணம் வாங்கல் ஆகியன நகரமன்றத்தின் அதிகாரங்களாயின. இவற்றுள் கட்டணம் வாங்கும் உரிமையை ஏலத்தில் குத்தகைக்கு விடும் முறை இன்றளவும் வாரச் சந்தைகளிலும் தினசரி அங்காடிகளிலும் தொடர்கிறது. வழக்கில் இதனைச் ‘சுங்கம்’ என்றே மக்கள் கூறுவர். உள்நாட்டுச் சுங்கம் ஒழிந்து 180 ஆண்டுகள் ஆனபின்னும் சந்தை நுழைவாயிலில் அச்சொல் வாழ்கிறது.

குத்தகை முறையின் இயக்கம் எளியது. ஏலத்தொகை நகராட்சிக்கு முன்கூட்டியே உறுதியான வருவாயைத் தருகிறது. அத்தொகைக்கு மேல் திரள்வதே குத்தகைதாரரின் ஆதாயம். எனவே ஒவ்வொரு கூடையையும் தலைச்சுமையையும் எண்ணும் நாட்டம் அவருக்கு உண்டு. அவற்றைக் கொணர்ந்தவர் யார் என எழுதிவைக்கும் தேவை அவருக்கு இல்லை. நகராட்சியின் ஏட்டில் எஞ்சுவது குத்தகைதாரரின் பெயரும் ஏலத்தொகையும் மட்டுமே. நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் கட்டணம் செலுத்திய பூக்காரப் பெண்ணின் கையில் அன்றன்றைய துண்டுச் சீட்டைத் தவிர வேறு ஆவணம் இருப்பதில்லை; அச்சீட்டிலும் அவர் பெயர் இராது.

நிரந்தரக் கடைகளின் நிலை வேறு. நகராட்சிக் கடைக்கு எண் உண்டு, உரிமதாரர் உண்டு, வைப்புத்தொகை உண்டு. சந்தையைப் புதுப்பிக்க நிதி வரும்போது, திட்ட மதிப்பீடு கடைகளின் எண்ணிக்கையையும் தளப்பரப்பையும் கொண்டே வரையப்படுகிறது. கட்டடம் எழுந்தபின் கடைகள் ஏலத்தின் வழியாகவோ ஒப்பந்தப்புள்ளியின் வழியாகவோ வாடகைக்கு விடப்படுகின்றன. பொதுநிதியால் உயர்ந்த இடத்தின் மதிப்பு, கூடுதலாகக் கேட்கவல்லவரிடம் சேர்வது இம்முறையின் இயல்பான விளைவு. இதில் எவருடைய தனிப்பட்ட தீய நோக்கத்தையும் தேட வேண்டியதில்லை.

4. உழவர் சந்தை: ஆளை எழுதிய ஏடு

இந்நிலையிலிருந்து விலகிய முதல் பெரிய முயற்சி உழவர் சந்தை. பஞ்சாபின் ‘அப்னி மண்டி’ (1987), ஆந்திரத்தின் ‘ரைத்து பஜார்’ (1999 ஜனவரி) ஆகியவற்றைத் தொடர்ந்து, 1999 நவம்பர் 14இல் மதுரையில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. சேலத்தில் சூரமங்கலம், அம்மாபேட்டை, தாதகாப்பட்டி முதலிய பகுதிகளிலும் நாமக்கல்லிலும் இச்சந்தைகள் அமைந்தன. இடைத்தரகரைத் தவிர்த்து உழவர் நேரடியாக விற்பதே இதன் நோக்கம். விலை, மொத்த விலைக்கு மேலும் சில்லறை விலைக்குக் கீழும் நாள்தோறும் குறிக்கப்படுகிறது.

பதிவேட்டின் நோக்கில் இதன் புதுமை ஒளிப்படத்துடன் கூடிய உழவர் அடையாள அட்டையாகும். கடைக்கு வாடகை இல்லை. உரிமை அட்டைக்கு உரியது. இடத்தை எழுதிய ஏட்டுக்கு மாற்றாக ஆளை எழுதிய ஏடு தோன்றியது. இதன் பயனாகப் பெரு முதல் இல்லாத சிற்றுழவரும் நகரின் நடுவே விற்கும் நிலை பெற்றார்.

எனினும் அட்டை பெறுவதற்கு உழவர் என்னும் தகுதி வேண்டும். அதற்குச் சாகுபடிச் சான்று வேண்டும். நிலமற்ற சில்லறை வியாபாரி இதற்குள் வாரார். உழவர் சந்தைகளின் வாயிலில் சாலையோரக் கடைகள் சேர்வது தமிழகமெங்கும் பொதுவான காட்சியாகிவிட்டது. உள்ளே விற்பவர் பயனாளி. வெளியே விற்பவர் ஆக்கிரமிப்பாளர். வாங்குவோர் இருவரிடமும் வாங்குகின்றனர். ஒரே கூடுகையை ஒரு சுவர் இரு சட்ட நிலைகளாகப் பிரித்தது.

5. 2014ஆம் ஆண்டுச் சட்டம்: கூடுகைக்கு ஒரு பெயர்

சாலையோர வணிகம் அரசியலமைப்பின் 19(1)(g) உறுப்பு அளிக்கும் தொழிலுரிமைக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சோதன் சிங் வழக்கில் 1989இல் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்பதையும் சேர்த்தே கூறியது. கால் நூற்றாண்டு கழித்து, சாலையோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் சாலையோர வணிக ஒழுங்குமுறை) சட்டம் 2014 மே 1இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அரசு 2015இல் அதற்கான விதிகளை வகுத்தது.

இச்சட்டத்தின்படி ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் வியாபாரிகள் கணக்கெடுக்கப்பட வேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அகற்றலாகாது. நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்கள் வியாபாரிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கு உரியவை. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு உரியது. மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கலாம் என்பது அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் சேலம் நகரின் மக்கள்தொகை சுமார் 8.29 லட்சம், அதன்படி இவ்வரம்பு ஏறத்தாழ 20,700 பேராகும்.

வரலாற்று ஆய்வுக்கு நெருக்கமான கூறு இச்சட்டத்தின் ‘இயற்கைச் சந்தை’ என்னும் வரையறையாகும். விற்போரும் வாங்குவோரும் மரபாகக் கூடிவந்த இடமாக அது இருக்க வேண்டும். விற்பனைக் குழுவின் பரிந்துரையின்பேரில் உள்ளாட்சி அதனை அவ்வாறு தீர்மானிக்க வேண்டும். இத்தகைய சந்தையை விற்பனை தடை செய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கலாகாது என முதல் அட்டவணை கூறுகிறது. 50 ஆண்டுகளுக்கு மேலாக வியாபாரம் நடந்துவந்த இயற்கைச் சந்தை மரபுச் சந்தையாக அறிவிக்கப்பட வேண்டும். அங்குள்ள வியாபாரிகளை இடம்பெயர்க்கலாகாது என இரண்டாம் அட்டவணை வகுக்கிறது.

கடை, ஆள் ஆகிய இரண்டையும் கடந்து கூடுகையையே சட்டம் இங்குப் பெயரிட்டு அழைக்கிறது. செவ்வாய்ப்பேட்டையும் புதன்சந்தையும் தம் பெயரால் நெடுங்காலம் கூறிவந்ததை, 2014இல் சட்டம் ஏற்றுக்கொண்டது எனலாம்.

6. சீர்மிகு நகரமும் புதிய பேருந்து நிலையமும்

2015 ஜூனில் தொடங்கிய சீர்மிகு நகரத் திட்டத்தில் மதுரை, தஞ்சாவூர், வேலூர் ஆகியவற்றுடன் சேலமும் 2016 செப்டம்பரில் தேர்வாயிற்று. ஒன்றிய அரசு நகரொன்றுக்கு ஐந்தாண்டில் 500 கோடி ரூபாய் அளவிலும், மாநிலமும் உள்ளாட்சியும் அதற்கு இணையாகவும் நிதியளிப்பது திட்டத்தின் வடிவம். சேலத்தில் பழைய பேருந்து நிலையம் ஈரடுக்கு நிலையமாக மாற்றப்பட்டது, அதனையடுத்த வ.உ.சி. அங்காடியும் புதுப்பிக்கப்பட்டது. 2023 ஜூனில் இவை திறக்கப்பட்டன.

நிழல், தரை, வடிகால், கழிப்பறை, விளக்கு ஆகியன பூ வணிகத்திற்கு இன்றியமையாதவை. அவற்றின் பயனை மறுக்க இயலாது. ஆனால் இத்தகைய ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மூன்று நிலைகள் உள்ளன: வெளியேறுதல், காத்திருத்தல், திரும்புதல். உரிமம் உடையவருக்குத் திரும்பும் உரிமையைக் கோர ஆவணம் உண்டு. நடைபாதையில் கூடை வைத்து விற்றவருக்கு அஃது இல்லை. கட்டுமானக் காலத்தில் வாடிக்கையாளர் வேறிடம் பழகிவிட்டால், திரும்பியவருக்கும் வணிகம் உடனே திரும்புவதில்லை.

நாமக்கல் நகரில் 2024இல் முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. நெரிசலைக் குறைக்க அது தேவைப்பட்டது. ஆயினும் பேருந்து நிலையம் பெயர்ந்தால் அதனைச் சார்ந்த கூடுகையும் பெயர்கிறது. புதிய நிலையத்தின் கடைகள் வாடகைக்கு விடப்படும் முறையில் பழைய நிலையத்தைச் சூழ்ந்திருந்த வியாபாரிகளுக்கு முன்னுரிமை தருவதற்கான ஏடு எது என்னும் வினா இங்கும் எழுகிறது.

7. கடனும் மானியமும்

பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 1இல், ‘பி.எம். ஸ்வநிதி’ திட்டம் தொடங்கியது. பிணையின்றி முதலில் 10,000 ரூபாயும், திருப்பிச் செலுத்தியபின் 20,000, பின்னர் 50,000 ரூபாயும் கடனாக வழங்கப்பட்டன. 7 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. கணக்கெடுப்பில் விடுபட்டவரும் பரிந்துரைக் கடிதத்தால் பயன்பெற வழி செய்யப்பட்டது. கடன் பெறும் பொருட்டுப் பெயரைப் பதிந்தோரால், வியாபாரிகளின் பதிவு விரிவடைந்தது என்பது இத்திட்டத்தின் முக்கியமான பக்கவிளைவு.

எனினும் இங்கு ஒரு வேறுபாட்டை நோக்க வேண்டும். கட்டடத்திற்கு வருவது மானியம்; சாலையோர வியாபாரிக்கு வருவது கடன். கடை பெற்றவர் பொதுநிதியால் உயர்ந்த இடத்தைப் பெறுகிறார். கடை பெறாதவர் திருப்பிச் செலுத்த வேண்டிய முதலைப் பெறுகிறார். முன்னது இடத்தைச் சார்ந்தது, பின்னது ஆளைச் சார்ந்தது. இரண்டிற்கும் இடையிலுள்ள கூடுகைக்கு, அதாவது இயற்கைச் சந்தையின் குடிநீர், கழிப்பறை, விளக்கு, பண்டகக் காப்பு ஆகியவற்றுக்கு, நிலையான நிதித் தலைப்பு அமையவில்லை.

அயல்நாட்டு அனுபவமும் இதனை உறுதி செய்கிறது. 1970இல் கனடாவின் டொராண்டோ நகரில் புளூர் மேற்குப் பகுதிக் கடைக்காரர்கள் தம்மீது தாமே வரி விதித்துக்கொண்டு தம் வீதியை மேம்படுத்தும் மாவட்ட முறையைத் தொடங்கினர். மகமையை நினைவூட்டும் அம்முறை பின்னர் பல நாடுகளில் பரவியது. சொத்து உடையவரே வரி செலுத்துவதால் அவரே முடிவெடுக்கிறார். வாடகைக் கடைக்காரரும் தெருவோர வியாபாரியும் விளிம்பில் நிற்கின்றனர் என்பது அதன்மீது எழுந்த முதன்மையான திறனாய்வு.

8. ஐம்பது ஆண்டுகளைச் சான்றுபடுத்தல்

மரபுச் சந்தை என்னும் அறிவிப்புக்கு 50 ஆண்டு வரலாறு மெய்ப்பிக்கப்பட வேண்டும். அம்மெய்ப்பிப்பு வியாபாரியின் தனி ஆவணத்தால் இயலாதது. சந்தையின் ஆவணத்தால் இயலும். நகரமன்றத் தீர்மானங்கள், சந்தைக் கட்டணக் குத்தகைப் பதிவேடுகள், ஏல அறிவிப்புகள், லெ பானுவின் சேலம் மாவட்டக் கையேடு (1883), ரிச்சர்ட்ஸின் மாவட்ட விவரச்சுவடி (1918), கோயில் மகமைக் கணக்குகள், ஊர்ப்பெயர்கள், மூத்த வியாபாரிகளின் வாய்மொழி ஆகியவை இதற்குரிய மூலங்கள். வியாபாரியின் பெயரை எழுதாது விட்ட அதே குத்தகைப் பதிவேடு, அவ்விடத்தில் ஆண்டுதோறும் வணிகம் நடந்தமைக்கு மறுக்கவியலாத சான்றாகிறது. ஏலம் நடந்த ஆண்டெல்லாம் சந்தையும் கூடியது என்பதே அதன் பொருள்.

இவ்வணுகுமுறைக்கு ஒரு மறுப்பு எழக்கூடும். பழமையை அளவுகோலாக்கினால், புதிய புறநகர்க் கடைவீதிகளும் அண்மையில் வந்த வியாபாரிகளும் விடுபடுவர். நெடுங்காலமாக இடம் பிடித்திருந்த சாதியினரின் மேலாண்மை மேலும் உறுதிப்படும். இம்மறுப்பு வலுவுடையது. இதற்கு விடை சட்டத்திலேயே உள்ளது. இயற்கைச் சந்தையாகத் தீர்மானிப்பதற்கு ஐம்பது ஆண்டு என்னும் நிபந்தனை இல்லை, இடம்பெயர்க்காமைக்கே அந்நிபந்தனை. மேலும் மரபுரிமை சந்தைக்கு உரியது, தனிக் குடும்பத்திற்கு உரியதன்று. யார் அங்கு விற்கலாம் என்பதைப் பெண்களும் பட்டியலின மக்களும் இடம்பெற வேண்டிய விற்பனைக் குழுவும் கணக்கெடுப்புமே முடிவு செய்ய வேண்டும்.

முடிவுரை

சேலம் – நாமக்கல் சமவெளியில் மொகதர்பா வரி வழியோர வியாபாரியைக் கண்டது. குத்தகை அவரது கூடையை மட்டும் கண்டது. கட்டடத் திட்டம் கடை எண்ணைக் கண்டது. உழவர் சந்தை உழவரைக் கண்டது. கடன் திட்டம் கடனாளியைக் கண்டது. இவர்கள் அனைவரும் சேர்ந்து உருவாக்கும் கூடுகையை 2014ஆம் ஆண்டுச் சட்டமே பெயரிட்டுக் கண்டது. சந்தை மேம்பாட்டு நிதியை ஒதுக்குமுன் அப்பகுதியிலுள்ள இயற்கைச் சந்தைகளைத் தீர்மானித்தல், வெளியேறுவோரின் பட்டியலையும் திரும்புவோரின் பட்டியலையும் விற்பனைக் குழுவின் முன் வைத்தல், கூடுகையின் பொதுத் தேவைகளுக்குத் தனி நிதித் தலைப்பு அமைத்தல் ஆகிய மூன்றும் இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் நடைமுறை முடிபுகள்.

நகராட்சி அலுவலகங்களின் பழைய குத்தகைப் பதிவேடுகள் வருவாய்க் கணக்கு முடிந்தவுடன் பயனற்றவையாகக் கருதப்படும் இயல்புடையவை. அவை கழிக்கப்பட்டுவிட்டால், சட்டம் தந்த ஐம்பது ஆண்டு உரிமையை மெய்ப்பிக்கும் வழி பல சந்தைகளுக்கு அடைபட்டுப் போகும். அவற்றைத் தேடி எடுத்து, படியெடுத்து, சந்தைவாரியாக வகைப்படுத்தும் பணியைச் சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் மேற்கொள்ளுதல் வேண்டும்.